எஸ்.எஸ். ராடில் மரை ஏன் கிழிகிறது, கிழியாமல் வெட்டுவது எப்படி

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். சாதா லேத், 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லிக் கொடுத்த 20 மி.மீ. ராடு, அதில் எம்20 மரை, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 2.5 மி.மீ. கார்பைடு திரெட்டிங் இன்சர்ட் (மரை வெட்டும் கடின வில்லை) மாட்டி 100 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 100 சுற்று) வெட்டுகிறீர்கள். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ராடில் பளிச்சென்று வந்த அதே செட்டிங் எஸ்.எஸ்.ஸில் பிய்ந்து பிய்ந்து வருகிறது, பினிஷ் வரட்டும் என்று கடைசியில் அதே அளவில் நாலைந்து தடவை டூலை ஓடவிட்டால் இன்னும் மோசமாகிறது. கூடவே 10 மி.மீ. பிளேட்டில் எம்8 டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) அடிக்கப் போய் இரண்டு டேப் உடைந்து உள்ளேயே நிற்கிறது.

ராடு, பிளேட் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான், டூல் வெட்டாமல் தேய்க்கிறது. எம்.எஸ்.ஸில் கொஞ்சம் தேய்த்தாலும் அது மன்னித்துவிடும், சொல்லப்போனால் கடைசியில் சும்மா ஓடவிடுவது அங்கே பினிஷைக் கூட்டும். 304 அப்படி இல்லை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் வாக்கில் இருக்கும் இந்த வகை உலோகத்தை அமுக்கினாலோ வளைத்தாலோ தேய்த்தாலோ அந்த இடம் உடனே கெட்டியாகும், உள்ளே இருக்கும் ஆஸ்டெனைட் என்ற மென்மையான அமைப்பில் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தம் ஒட்டும் அமைப்பாக மாறுகிறது. ஒரு துண்டு 304 கம்பியை நாலு தடவை வளைத்து நிமிர்த்திவிட்டு வளைந்த இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், முதலில் ஒட்டாத காந்தம் லேசாக இழுக்கும். உங்கள் டூல் ஒவ்வொரு தடவை சும்மா ஓடும்போதும் மரையின் மேல்தோலுக்கு நடப்பது அதுதான். அடுத்த கட் அந்தக் கெட்டித்தோலுக்குக் கீழே இறங்கினால் பிழைத்தீர்கள், அந்தத் தோலுக்குள்ளேயே நின்றால் டூல் நுனி மழுங்கும், மழுங்கியதால் இன்னும் தேய்க்கும், தோல் இன்னும் தடிக்கும். இதோடு சூடும் சேர்ந்துகொள்ளும். எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது எம்.எஸ்.ஸில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், அதனால் சூடு ஜாபுக்குள் பரவாமல் டூல் நுனியிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

வெட்டுவதற்கு முன்னால் ராடு நிஜமாகவே 304தானா என்று பார்த்துவிடுங்கள். எஸ்.எஸ். என்று கேட்டால் 202 கொடுத்துவிடுவது சகஜம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய வகை அது, விலை குறைவு, ஆனால் 304ஐவிட இன்னும் வேகமாகக் கெட்டியாகும். காந்தம் வைத்துப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது, இரண்டுமே ஒட்டாது. பழைய இரும்புக் கடைகளில் பேட்டரியோடு ஒரு சொட்டு திரவம் விட்டு நிறம் பார்ப்பார்களே, அதை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 202 என்றால் சொட்டு சிவக்கும். வேலை கொடுத்தவர் ஒத்துக்கொண்டால், வெல்டிங்கும் இல்லை உப்புத் தண்ணீரும் படாது என்றால், 303 கேட்டு வாங்குங்கள். கந்தகம் சேர்த்த வகை என்பதால் சீவல் தானே முறியும், மரையும் சிரமமில்லாமல் சுத்தமாக வரும்.

இப்போது டூலுக்கு வருவோம், உங்கள் பெரிய பிரச்சனை இங்கேதான் இருக்கிறது. அந்த கார்பைடு இன்சர்ட் நல்ல சாமான்தான், ஆனால் 304ல் அது நிமிடத்துக்கு 60 முதல் 100 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியது. 20 மி.மீ. ராடுக்கு அது 1000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வரும். 1000 சுற்றில் 2.5 பிட்ச் என்றால் சாடில் (டூலைச் சுமந்து நகரும் பகுதி) வினாடிக்கு 40 மி.மீ.க்கு மேல் ஓடும், சக்கை (ராடைப் பிடித்துச் சுற்றும் பிடி) நோக்கி அந்த வேகத்தில் வரும் சாடிலை, அதை ஓட்டும் ஹாஃப் நட்டைத் தூக்கி நிறுத்துவது யாராலும் ஆகாது. அதனால்தான் எல்லோரும் 100க்குக் குறைத்துவிடுகிறார்கள், 100 சுற்றில் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர்தான். அந்த வேகத்தில் உலோகம் கார்பைடு நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மொட்டாக வளரும். கொஞ்ச நேரம் அந்த மொட்டுதான் வெட்டும், அப்புறம் அது பிய்ந்து போகும், போகும்போது மரையின் சரிவில் ஒரு சதையையும் எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் பார்க்கும் கிழிசல் அதுதான். போதாததற்கு இன்சர்ட் நுனி உடையாமல் இருக்க அதன் முனையை லேசாக உருட்டியே செய்திருப்பார்கள். ஆழமான கட்டுக்கு அது பரவாயில்லை, 0.03 கட்டுக்கு அது வெறும் தேய்ப்பு. மழுங்கிய கத்தியில் தக்காளி நறுக்கினால் தோல் வெட்டுப்படாமல் நசுங்குமே, அந்தக் கதை.

சாதா லேத்துக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூல்பிட்தான் சரி, கோபால்ட் கலந்தது என்றால் நல்லது, 5 சதவீதம் கலந்த எம்35 போதும், 8 சதவீத எம்42 கிடைத்தால் விடாதீர்கள். 120 ஆர்.பி.எம். வாக்கில் ஓட்டுங்கள். நீங்களே சாணை பிடியுங்கள், 60 டிகிரியை சென்டர் கேஜில் (கோணம் பார்க்கும் தகடு) வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், நுனியை ஊசியாக விடாமல் ஆயில் ஸ்டோனில் 0.3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். மேல் முகம் தட்டையாக இல்லாமல் 5 முதல் 8 டிகிரி பின்னால் சரிய வேண்டும். இதனால் மரையின் கோணம் மயிரிழை மாறும், எம்20 போல்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வெட்டு மட்டும் வெண்ணெயாக இறங்கும். பக்கவாட்டு கிளியரன்ஸில் (டூலின் விலா மரையில் படாமல் இருக்க விடும் சரிவில்) நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எம்20ல் மரையின் சாய்வு இரண்டரை டிகிரி, அதனால் டூல் நகரும் பக்கம் கிளியரன்ஸ் 8 டிகிரியாவது இல்லையென்றால் டூலின் விலா மரையில் உரசிக்கொண்டே போகும். சாணை பிடித்த பிறகு ஆயில் ஸ்டோன் போடாமல் லேத்துக்குப் போகாதீர்கள், சாணைக்கல்லின் கோடுகள் டூல் முனையில் இருந்தால் அதே கோடுகள் மரையிலும் இருக்கும்.

கார்பைடைத்தான் உபயோகிப்பேன் என்றால் ஒரு வழி உண்டு. ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டி, டூலைத் தலைகீழாக மாட்டி, சக் பக்கம் முதலிலேயே எடுத்து வைத்த அண்டர்கட்டில் (சுற்றிலும் வெட்டிய பள்ளம்) ஆரம்பித்து, சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கை நோக்கி வெட்டிக்கொண்டு வருவது. வலது மரைதான் வரும், சக்கில் மோதும் பயம் இல்லாததால் வேகத்தைக் கூட்டலாம். ஆனால் உங்கள் லேத்தில் சக் ஸ்பிண்டிலில் மரை போட்டு ஏறும் வகை என்றால் இதைத் தொடவே தொடாதீர்கள், ரிவர்ஸில் சக் கழன்று வரும்.

அடுத்தது காம்பவுண்ட் ஸ்லைடு, அதாவது டூலைச் சாய்வாக நகர்த்தும் மேல் ஸ்லைடு. நேராக உள்ளே தள்ளி வெட்டினால் டூலின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டும், இரண்டு பக்கச் சீவலும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும், எஸ்.எஸ்.ஸில் அது உடனே ஒட்ட ஆரம்பிக்கும். அதனால் காம்பவுண்டைச் சாய்த்து ஒரு பக்கமாக இறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், 29½ டிகிரி என்று மனப்பாடமாகவும் வைத்திருப்பார்கள். எம்.எஸ்.ஸுக்கு அது சரி. எஸ்.எஸ்.ஸுக்கு நான் 27 வைக்கச் சொல்வேன். மரையின் சரிவு 30, காம்பவுண்ட் 29½ என்றால் பின்பக்கச் சரிவில் ஒவ்வொரு கட்டுக்கும் கிடைப்பது இரண்டு மைக்ரான் அளவுதான், அதை வெட்டு என்று சொல்ல முடியாது, தேய்ப்புதான். 27 வைத்தால் அது பத்து மைக்ரான் பக்கம் போகும், அந்தப் பக்கமும் உயிரோடு வெட்டும். சில லேத்துகளில் காம்பவுண்ட் அளவுகோலின் சைபர் வேறு பக்கம் இருக்கும், அங்கே இது 63 என்று காட்டும். கண்ணால் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ராடின் வெளி அளவை 20லேயே விடாதீர்கள். எம்20 போல்ட் மரைக்கு 19.62 முதல் 19.95 வரை இடம் இருக்கிறது, 19.80க்குக் கடையுங்கள், கூரான டூலில் ஒரே கட், எமரி தேய்ப்பெல்லாம் வேண்டாம். எஸ்.எஸ்.ஸில் மரை உச்சி பிதுங்கி எழும், அதற்கும் இடம் வேண்டும். நுனியில் 45 டிகிரி சேம்பர் (ஓரச் சரிவு), முடிவில் அண்டர்கட், டெயில்ஸ்டாக்கில் ராடைத் தாங்கும் சென்டர். சென்டர் இல்லாமல் எஸ்.எஸ்.ஸில் மரை போட்டால் ராடு விலகும், விலகினால் டூல் தேய்க்கும்.

கட் கணக்கு இப்படி. 19.80லிருந்து காம்பவுண்டில் மொத்தம் 1.7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் இறங்க வேண்டும். 0.31, 0.26, 0.24, 0.18, 0.15, 0.14, 0.13, 0.12, 0.11, 0.10. ஆழம் கூடக் கூட டூல் கடிக்கும் அகலமும் கூடுவதால் இறக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறோம், ஆனால் 0.08க்குக் கீழே எப்போதும் போவதில்லை. பயந்துகொண்டு 0.03, 0.02 என்று முப்பது கட் எடுப்பவர்கள்தான் கடைசியில் டூலையும் ராடையும் குறை சொல்கிறார்கள். உங்கள் லேத் பழையது, முதல் கட்டுக்கே முனகுகிறது என்றால் 0.22ல் ஆரம்பித்து கட்டுகளை இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கீழ் எல்லையை மட்டும் விடாதீர்கள். அளவே மாற்றாமல் சும்மா ஓடவிடுவது அறவே கூடாது.

இதில் ஒரு சிக்கல் வரும். நட்டைப் போட்டுப் பார்த்தால் இன்னும் 0.02 எடுக்க வேண்டும் என்று தோன்றும், அதை எடுக்கப் போனால் வெறும் தேய்ப்பு. அதனால் அளவை முடிவில் பார்க்காமல் முன்கூட்டியே பார்க்க வேண்டும். காம்பவுண்டில் இன்னும் 0.20 பாக்கி இருக்கும்போதே நிறுத்தி அளந்து, மிச்சத்தை இரண்டு சம கட்டாகப் பிரித்துவிடுங்கள். அளக்க மூன்று கம்பி முறை (மரைப் பள்ளங்களில் மூன்று கம்பி வைத்து அவற்றின் மேல் மைக்ரோமீட்டரில் அளப்பது) போதும், 1.45 மி.மீ. டிரில் மூன்றின் தண்டைக் கம்பியாக வைத்துக்கொள்ளலாம் (தண்டை மைக்ரோமீட்டரில் சரிபாருங்கள், சில டிரில்களில் தண்டு கொஞ்சம் குறைவாக இருக்கும்). கம்பி மேல் அளவு 20.35க்கும் 20.52க்கும் நடுவில் வந்தால் 6ஜி பிட்டுக்குள் (போல்ட் மரைக்கான வழக்கமான அளவு எல்லை) இருக்கிறீர்கள். நட்டை வைத்துத்தான் பார்ப்பேன் என்றால் எம்.எஸ். நட்டை எண்ணெய் தடவிப் போடுங்கள். அப்போதுதான் வெட்டிய எஸ்.எஸ். மரையில் எஸ்.எஸ். நட்டை உலர்ந்தபடியே ஏற்றினால் பாதியில் கவ்விக்கொண்டு நிற்கும், அப்புறம் இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டியதுதான்.

முதல் ஜாபை வெட்டியதும் ஒரு லென்ஸ் எடுத்து மரையைப் பாருங்கள், எங்கே தப்பு என்று அதுவே சொல்லும். சக் பக்கம் பார்த்த சரிவு மட்டும் சொரசொரவென்று இருந்தால் காம்பவுண்ட் கோணம் 30ஐ ஒட்டி நிற்கிறது, அந்தப் பக்கம் தேய்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் பார்த்த சரிவு மட்டும் வழவழவென்று தேய்த்து மினுங்கினால் டூலின் விலா உரசுகிறது, கிளியரன்ஸ் போதவில்லை. இரண்டு பக்கமும் செதில் செதிலாகக் கிழிந்து, டூல் நுனியில் நகத்தால் சுரண்டினால் வரும் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் வேகமோ எண்ணெயோ சரியில்லை. சம இடைவெளியில் அலை அலையாக இருந்தால் டூல் வெளியே அதிகம் நீண்டிருக்கிறது அல்லது சென்டர் உயரம் தப்பு. மரை உச்சியில் மெல்லிய பிசிறு எழுவது மட்டும் குற்றமில்லை, கடைசி இரண்டு கட்டுக்கு முன்னால் நைஸ் ஃபைலால் ஒரு தடவு தடவிவிட்டால் போதும். அந்த ஃபைல் எம்.எஸ்.ஸில் உபயோகிக்காததாக இருக்கட்டும், எம்.எஸ். துகள் எஸ்.எஸ்.ஸில் ஒட்டினால் ஒரு மழைக்குப் பிறகு துருப்புள்ளி வைத்து, 202 கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று பார்ட்டி சண்டைக்கு வருவார்.

எண்ணெய் விஷயத்தில் வெள்ளைத் தண்ணீர் கூலன்டை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது சூட்டை எடுக்கும், மெதுவான வேகத்தில் ஒட்டுவதைத் தடுக்காது. கந்தகமோ குளோரினோ கலந்த கெட்டியான கட்டிங் ஆயிலை பிரஷ்ஷில் எடுத்து ஒவ்வொரு கட்டுக்கும் தடவுங்கள். அது இல்லையென்றால் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ, சிரிக்காதீர்கள், மெதுவான மரை வேலைக்கும் கை டேப்புக்கும் நிஜமாகவே நன்றாக வேலை செய்யும். மண்ணெண்ணெய் அலுமினியத்துக்கு, இங்கே வேண்டாம். குளோரின் ஆயில் உபயோகித்தால் வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள், உணவு, மருந்து மெஷின் பாகம் என்றால் கட்டாயம்.

இனி டேப். டேப் உடைந்ததற்குப் பாதிக் காரணம் டேப்பில் இல்லை, அதற்கு முன்னால் ஓடிய டிரில்லில் இருக்கும். மழுங்கிய டிரில்லை மேலே வைத்து அழுத்தாமல் சுற்றவிட்டால் ஓட்டையின் சுவர் முழுக்கக் கெட்டியாகிவிடும், அந்தக் கெட்டிச் சுவரில்தான் பாவம் டேப் பல் கடிக்க வேண்டியிருக்கிறது. சென்டர் பஞ்ச்சைக்கூட பலமாக அடிக்காதீர்கள், அடித்த குழியே கெட்டியாகும். கோபால்ட் டிரில், 135 டிகிரி முனை, 450 முதல் 500 ஆர்.பி.எம்., நிறுத்தாமல் சீராக அழுத்தி, சீவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். சீவல் நின்று கிரீச் என்று சத்தம் மட்டும் வந்தால் உடனே டிரில்லைத் தூக்கிவிடுங்கள், அப்புறமும் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை பாழ்.

எம்8க்கு 6.8 டிரில் என்று சார்ட்டில் இருக்கும். எஸ்.எஸ்.ஸுக்கு 6.9 போடுங்கள். மரை ஆழம் 74 சதவீதத்திலிருந்து 68க்கு இறங்கும், டேப்பின் மேல் விழும் பாரம் அதைவிட அதிகமாகக் குறையும், 6எச் (நட் பக்க மரைக்கான வழக்கமான அளவு எல்லை) அளவுக்கு மேல் எல்லை 6.912 என்பதால் கேஜும் ஒத்துக்கொள்ளும். ஆனால் டிரில் அகலமாகப் போடாமல் இருக்க வேண்டும், சாணை பிடித்த முனை ஒரு பக்கம் நீண்டிருந்தால் 6.9 என்று நினைத்தது 7ஐத் தாண்டிவிடும். 10 மி.மீ. பிளேட்டில் 68 சதவீத மரை என்றால் போல்ட்தான் முதலில் அறும், மரை உருவாது. இதே கணக்கில் எம்6க்கு 5.1, எம்10க்கு 8.6.

மூன்று டேப் செட்டை மறந்துவிடுங்கள், அதுவும் கார்பன் ஸ்டீலில் வருகிற மலிவு செட்டை. உங்களுடையது மறுபக்கம் வரை போகும் ஓட்டை, அதற்கு ஸ்பைரல் பாயிண்ட் டேப், கன் டேப் என்று கேட்டால் கொடுப்பார்கள், சீவலை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அதைப் போட்டுவிட்டு அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்ற பழைய பழக்கத்தைச் செய்யாதீர்கள், பின்னே திருப்பும்போது சீவல் பல்லுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி மரையைக் கிழிக்கும், டேப்பையும் உடைக்கும். எண்ணெய் நிறைய விட்டு ஒரே மூச்சில் மறுபக்கம் வரை போய்விட்டு வாருங்கள். அடி மூடிய ஓட்டை என்றால் ஸ்பைரல் ஃப்ளூட் டேப், சீவல் மேலே சுருண்டு வரும். டிரில்லிங் மெஷினில் டேப்பிங் அட்டாச்மென்ட் இருந்தால் 120லிருந்து 200 சுற்றுக்குள் ஓட்டுங்கள், கையில் அடிப்பதைவிட நேராக இறங்கும். கோணலாக இறங்கியதால் உடைந்த டேப்புகள்தான் அதிகம்.

ஒன்றிரண்டு துண்டுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடல். இதே எம்20 ஸ்டட் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று ஆர்டர் வந்தால் வெட்டவே வெட்டாதீர்கள், ரோலிங் (வெட்டாமல் அமுக்கி மரை எழுப்புவது) செய்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். கெட்டியாகும் குணம் அங்கே சாதகம், மரை பளபளப்பாகவும் பலமாகவும் வரும், விலையும் உங்கள் நேரத்தைவிடக் குறைவு.

உள்ளே நிற்கும் அந்த இரண்டு டேப் துண்டுகளை டிரில் போட்டு எடுக்க முயற்சி செய்யாதீர்கள், டேப்பை டிரில் வெட்டாது, பக்கத்தில் வழுக்கிப் போய் ஓட்டையைத்தான் கெடுக்கும். பிளேட் விலை அதிகம் என்றால் ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷின்) வைத்திருக்கும் சின்னப் பட்டறைகள் கோவை கணபதி பக்கமும் அம்பத்தூரிலும் நிறைய உண்டு, டேப்பின் நடுத்தண்டை மட்டும் எரித்துவிட்டு பற்களைத் தனித்தனியாகத் தட்டி எடுத்துவிடுவார்கள். ஓட்டை கெடாமல் கிடைக்கும், திரும்ப 6.9 டிரில் விடாமல் நேராகப் புது கன் டேப்பை இறக்கிக்கொள்ளலாம்.